கடைக் காசாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை: வன்னிப் பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடை ஒன்றில் பதினொரு வருடம் காசு மேசையில் இருந்தேன். அதில் கடைசி நான்கு வருடம், புதிதாக வருகிறவர்களை நேர்முகம் காணும்போது முகாமையாளருக்குப் பக்கத்தில் என்னையும் உட்கார வைப்பார்கள். இப்போது கடையை விட்டுவிட்டேன். ஆனால் விசுவமடுவிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் மல்லாவியிலிருந்தும் யாராவது ஒரு பிள்ளை, "அக்கா, நாளைக்கு நேர்முகம், என்ன கேட்பார்கள்?" என்று கேட்காத கிழமை இல்லை. ஒரே சந்தேகங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

காசாளர் என்றால் பில் போட்டுக் காசு வாங்குவதுதானே? அதற்கு ஏன் நேர்முகப் பரீட்சை?

காலையில் லாச்சியில், அதாவது காசுப் பெட்டியில், வைக்கும் ஆரம்பச் சில்லறையை எண்ணிக் கையெழுத்திட வேண்டும். பொருளை ஸ்கேன் செய்ய வேண்டும். வெங்காயம், கருவாடு போன்றவற்றின் நிறைச் சீட்டைச் சரிபார்க்க வேண்டும். காசு, வங்கி அட்டை, கைபேசியில் ஸ்கேன் செய்து கட்டும் லங்கா கியூஆர் மூன்றிலும் பணம் வாங்கத் தெரிய வேண்டும். தவறாகப் போட்ட பில்லைத் தானாக அழிக்காமல் மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். கூட்டம் இல்லாத நேரம் தட்டுகளை நிரப்ப வேண்டும். இரவு லாச்சியை எண்ணி, கணினி சொல்லும் தொகையோடு ஒப்பிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரு கிழமையில் பழக்கிவிடலாம். கடைக்காரர் உங்களிடம் ஒப்படைப்பது தன்னுடைய லாச்சியை. குறைந்தால் குறைந்தது என்றும் கூடினால் கூடியது என்றும் வாய்திறந்து சொல்லும் ஆளா இவர் என்பதைத்தான் அந்த இருபது நிமிடத்தில் பார்க்கிறார்கள். கீழே வரும் பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

நான் சாதாரண தரம் வரைதான் படித்தேன். கூப்பிடுவார்களா?

கூப்பிடுவார்கள். பெரிய நிறுவனங்களின் கிளைகள் சாதாரண தரத்தில் கணிதமும் தமிழும் சித்தி பெற்றிருக்க வேண்டும் என்று விளம்பரத்தில் போடுவதுண்டு. தனி முதலாளிகளின் கடைகளிலும் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் ஆளைப் பார்த்தும் விசாரித்தும் எடுக்கிறார்கள். கணிதத்தில் சித்தி இல்லாவிட்டால் மறைக்க வேண்டாம். "கணிதம் சித்தி இல்லை, ஆனால் மனக்கணக்கு வரும், சோதித்துப் பாருங்கள்" என்று ஒரு பிள்ளை எங்களிடம் சொன்னாள். சோதித்தோம், எடுத்தோம்.

என்னென்ன கடதாசிகள் கொண்டுபோக வேண்டும்?

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், கிராம அலுவலரிடம் வாங்கிப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் பெற்ற வதிவிட, நற்சான்றுப் பத்திரம், உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். அந்த இருவர் உறவினராக இருக்கக்கூடாது; அதிபர், கோயில் அல்லது தேவாலய நிர்வாகத்தில் இருப்பவர், முன்பு வேலை கொடுத்தவர் நல்லது. அவர்களிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். நாங்கள் அழைத்தபோது, "யார் அது?" என்று கேட்ட அதிபர்களும் உண்டு.

மூலப் பிரதிகளைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். நிழற்பிரதியை மட்டும் கொடுங்கள்.

எங்கள் சான்றிதழ்கள் எல்லாம் 2009இல் இடம்பெயரும்போது போய்விட்டன. இதுவரை எடுக்கவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வி இன்னும் வருகிறது என்பதே மனத்துக்குக் கனமாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் பெறலாம்; இணையம் வழியாகவும் விண்ணப்பிக்க முடியும். சுட்டெண் மறந்திருந்தால் படித்த பள்ளிக்கூடத்தில் பதிவைக் கேளுங்கள்.

நேர்முகத்துக்கு முன் வந்து சேராவிட்டால், விண்ணப்பித்த பற்றுச்சீட்டைக் கொண்டுபோங்கள். "தொலைந்துவிட்டது" என்று வெறுங்கையோடு நிற்பவரை விட, "இன்ன திகதியில் விண்ணப்பித்திருக்கிறேன்" என்று சீட்டைக் காட்டுகிறவரை நம்புவது எங்களுக்கு எளிது.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

தோய்த்து அழுத்திய உடுப்பு போதும். புதிதாக வாங்கக் கடன்பட வேண்டாம். செருப்பை விடப் பூட்டிய சப்பாத்து நல்லது. நகத்தை வெட்டுங்கள், காசு எண்ணும்போது எல்லோருடைய கண்ணும் கையில்தான் இருக்கும். மோட்டார் சைக்கிளிலோ பஸ்ஸிலோ வந்து புழுதி படிந்திருந்தால், உள்ளே போகுமுன் முகம் கழுவிக்கொள்ளுங்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எங்கே தொடங்குவது?

ஊர், படிப்பு, இதுவரை செய்தது, ஏன் இந்தக் கடை. நான்கே வசனம். குடும்பத்தின் கஷ்டத்தைச் சொல்லி வேலை கேட்க வேண்டாம். இங்கே கஷ்டம் இல்லாத வீடு எது? எதிரே இருப்பவருக்கும் அது தெரியும். நீங்கள் அவருக்கு எப்படிப் பயன்படுவீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

முன்அனுபவம் ஒன்றும் இல்லை. என்ன சொல்வது?

உண்மையில் ஒன்றுமே இல்லையா என்று முதலில் யோசியுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சேமிப்புப் புத்தகம் எழுதியிருக்கிறீர்களா? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மாமாவின் கச்சான் கடையில் நின்றிருக்கிறீர்களா? வீட்டுப் பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றி, லீற்றர் கணக்கு எழுதி மாத முடிவில் காசு வாங்கியிருக்கிறீர்களா? சீட்டுப் பிடித்திருக்கிறீர்களா? பிறருடைய காசு உங்கள் கையில் இருந்து, கணக்குச் சரியாகத் திரும்பிப் போன எந்த வேலையும் காசாளர் அனுபவம்தான்.

ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, தன் பத்துப் பேர் சீட்டின் கொப்பியையே கொண்டுவந்தாள். மண்ணெண்ணெய் மணக்கும் பழைய நாற்பது பக்கக் கொப்பி. ஒவ்வொரு மாதமும் திகதி, தொகை, வாங்கியவரின் கையெழுத்து. ஓரிடத்தில் தவறாக எழுதியதை ஒரு கோடு மட்டும் இழுத்து வெட்டி, சரியான தொகையைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தாள். அழித்து எழுதவில்லை. முகாமையாளர் அந்த ஒரு வெட்டையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு கேள்வி அதிகம் கேட்கவில்லை.

கணக்குக் கேட்பார்களா? கணினிதானே மிச்சத்தைச் சொல்கிறது?

கேட்பார்கள், ஏனென்றால் மின்சாரம் போகும், இயந்திரம் நிற்கும். பில் 1,370 ரூபாய், வந்தவர் 5,000 தருகிறார். மனத்துக்குள் கழித்துத் திணறாமல், பில்லிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போங்கள். 30 வைத்தால் 1,400. 100 வைத்தால் 1,500. 500 வைத்தால் 2,000. அதன்மேல் மூன்று ஆயிரம் வைத்தால் 5,000. கொடுத்தது 3,630. வாய்விட்டு எண்ணுங்கள், வாங்குகிறவரும் சேர்ந்து எண்ணுவார், பிறகு சண்டை வராது.

அடுத்து ஒரு பொறி வைப்பார்கள். இயந்திரம் 3,630 என்று காட்டிய பிறகு, "இந்தாருங்கள், 70 ரூபாய் சில்லறை இருக்கிறது" என்று வாடிக்கையாளர் நீட்டுகிறார். இப்போது எவ்வளவு? 3,700. அவசரப்பட வேண்டாம். "ஒரு நிமிடம், எண்ணிச் சொல்கிறேன்" என்று சொல்வதால் மதிப்பெண் குறையாது. பதறி 3,560 என்று சொன்னவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றும் கேட்பார்கள்: வாங்கிய தாளை எங்கே வைப்பீர்கள்? "ஐயாயிரம் தந்தீர்கள்" என்று சொல்லிவிட்டு, மிச்சம் கொடுத்து முடியும் வரை அந்தத் தாளை லாச்சிக்குள் போடாமல் வெளியே வைக்க வேண்டும். பெரிய தாளை விரலால் தடவி, எழும்பி நிற்கும் அச்சைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியையும் பாதுகாப்பு நூலையும் பார்க்க வேண்டும்.

சிங்களமும் ஆங்கிலமும் தெரியாது. விட்டுவிடவா?

விட வேண்டாம். வன்னிக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்தாம். ஆனால் ஏ9 வழியாகப் போகிறவர்கள் வருவார்கள், படையினரும் பொலிசாரும் வருவார்கள், வவுனியாவில் மூன்று சமூகத்தவரும் வருவார்கள். சிங்களத்தில் எண்களைப் பழகுங்கள். "கீயத" என்றால் எவ்வளவு, "மாரு சல்லி" என்றால் சில்லறை, "இதிரி சல்லி" என்றால் மிச்சக் காசு. இருபது சொல் ஒரு மாதத்தில் வரும்.

தலைமையகத்திலிருந்து வந்தவர் சிங்களத்தில் கேட்டால், தலையை ஆட்டிவிட்டு இருக்காதீர்கள். "எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்ல முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். விளங்காததற்கு "ஆம்" சொல்கிறவர் காசு மேசையிலும் அப்படியே சொல்வார் என்றுதான் நாங்கள் நினைப்போம்.

பல வருடம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறேன். முகாம், மீள்குடியேற்றம், பிறகு அம்மாவைப் பார்த்தது. "ஏன் இந்த இடைவெளி?" என்று கேட்டால் அழுகை வந்துவிடுகிறது.

உங்கள் வாழ்க்கையின் இழப்பைக் கேட்க அந்த மேசைக்கு உரிமை இல்லை. "2009இல் இடம்பெயர்ந்தோம், முகாமில் இருந்து திரும்பி வந்து வீட்டையும் அம்மாவையும் பார்த்தேன், இப்போது முழுநேரம் வேலை செய்ய முடியும்." இந்த ஒரு வசனத்தை வீட்டில் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். பத்தாவது தடவையில் குரல் நிற்கும். அதற்குமேல் கிண்டினால், "அதைப் பற்றி இப்போது பேச விரும்பவில்லை, வேலையைப் பற்றிக் கேளுங்கள்" என்று சொல்லலாம்.

இயக்கத்தில் இருந்து, போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு பெற்று வந்தவர்களும் இதைத் தனியே வந்து கேட்கிறார்கள். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. நேரே கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். விடுவிப்புக் கடிதம் இருந்தால் கோப்பில் வைத்திருங்கள். பின்னால் வெளியே வரும் பொய், உண்மையை விடப் பெரிய சேதம் செய்கிறது.

எனக்கு ஒரு கால் செயற்கைக் கால். நாள் முழுவதும் நிற்கச் சொல்வார்களா?

பல கடைகளில் நிற்கத்தான் வைக்கிறார்கள். ஆனால் காசாளர் வேலையை உட்கார்ந்தும் செய்யலாம். ஒரு உயரமான ஸ்டூல் போதும். நேர்முகத்திலேயே சொல்லுங்கள்: "செயற்கைக் கால் இருக்கிறது. ஸ்டூல் இருந்தால் முழு நேரமும் வேலை செய்வேன். மூட்டை தூக்குவது மட்டும் கஷ்டம்." முடியாததை நீங்கள் இப்படி ஒன்றாகக் குறுக்கிக் காட்டிவிட்டால், மற்றதெல்லாம் முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் மூன்றாவது கவுண்டரில் ஆறு வருடம் அப்படி இருந்த தம்பியின் லாச்சிக் கணக்கு என்னுடையதை விடச் சுத்தம்.

"கலியாணம் எப்போது? பிள்ளை எப்போது?" என்று பெண்பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். என்ன பதில்?

கேட்கக்கூடாத கேள்வி. ஆனாலும் கேட்கிறார்கள். கோபப்படாமல், "அது வேலையைப் பாதிக்காது. வேலை நேரத்துக்கு வீட்டில் ஒழுங்கு செய்திருக்கிறேன்" என்று முடித்துவிடுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி பிரசவ விடுமுறை 84 வேலை நாள், எத்தனையாவது பிள்ளை என்றாலும். மேசையில் வாதாட அல்ல, உங்கள் மனத்தில் பயம் இல்லாமல் இருக்க இதைத் தெரிந்துவைத்திருங்கள்.

"இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார்களாம். என்ன மாதிரிக் கேள்விகள்?

நாங்கள் கேட்ட சிலவற்றைச் சொல்கிறேன். பதின்மூன்று வயதுப் பையன் வந்து, "அப்பாவுக்கு ஒரு சிகரெட்" என்கிறான். அப்பாவை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கொடுப்பீர்களா? கொடுக்கக்கூடாது. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். "அப்பாவையே வரச் சொல்லு, தம்பி" என்று அன்பாக அனுப்ப வேண்டும்.

பொலித்தீன் பைக்கு ஏன் காசு என்று ஒரு ஐயா சத்தம் போடுகிறார். 2025 நவம்பர் முதல் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது, அதன் விலை பில்லில் வர வேண்டும் என்பது அரசின் விதி. அதைத் தணிந்த குரலில் சொல்லி, அடுத்த முறை வீட்டுப் பையைக் கொண்டுவரலாம் என்றும் சொல்லுங்கள்.

மிகக் கடினமானது உறவு. உங்கள் சொந்த மாமி வருகிறார். 200 ரூபாய் குறைகிறது. "பிறகு தருகிறேன், பிள்ளை" என்கிறார். ஊர் சின்னது, மறுத்தால் வீட்டில் பேச்சு வரும். பலர் "என் காசைப் போடுவேன்" என்கிறார்கள். நல்ல மனம், தவறான பதில். காசு மேசையில் உங்கள் சொந்தக் காசு இருக்கவே கூடாது. இருந்தால் எது கடையின் காசு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பொருளைக் குறைக்கச் சொல்ல வேண்டும், அல்லது மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். உறவினரின் பில்லை முடிந்தால் பக்கத்துக் கவுண்டருக்கு அனுப்புவேன் என்று சொன்னால், உங்களைக் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

"இரவு எண்ணும்போது ஆயிரம் ரூபாய் குறைகிறது. என்ன செய்வீர்கள்?" இதற்குச் சரியான பதில் எது?

முதல் கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேதான் சோதனைக்கு வருகிறது. இன்னொரு முறை எண்ணுவேன், அட்டைச் சீட்டுகளையும் கியூஆர் கொடுப்பனவுகளையும் சரிபார்ப்பேன், பிறகும் குறைந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லிக் குறைவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுவேன். இவ்வளவுதான். "என் கையில் அப்படி நடக்காது" என்று சொல்லாதீர்கள். எல்லார் கையிலும் நடக்கும்.

என் கையில் இரண்டாம் மாதத்தில் நடந்தது. வங்கியிலிருந்து வந்த புத்தம் புது ஆயிரம் ரூபாய்த் தாள்கள். முனை ஒட்டிக்கொண்டிருந்த இரண்டை ஒன்றென்று கொடுத்துவிட்டேன். இரவு மூன்று முறை எண்ணினேன், வியர்த்தது. சொன்னேன், எழுதினேன். அந்த ஆயிரம் திரும்பி வரவில்லை. மறுநாள் முதல் புதுத் தாளைக் கசக்கி விரித்தே லாச்சியில் வைப்பேன். நேர்முகத்தில் இப்படி உங்களுக்கு நடந்தது ஏதாவது இருந்தால், அதிலிருந்து எதை மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காசு கூடினாலும் இதே ஒழுங்குதான். அதை ஒதுக்கி வைத்து அடுத்த நாள் குறைவில் ஈடுகட்டுவேன் என்று சொல்லிவிடாதீர்கள். பலர் நல்ல பதில் என்று நினைத்து அதைச் சொல்லித்தான் வாய்ப்பை இழந்தார்கள்.

முந்தைய கடையில் சேமலாப நிதி கட்டவில்லை, அதனால்தான் விலகினேன். சொல்லலாமா?

பெயர் சொல்லாமல், குறை சொல்லாமல், "நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் உள்ள வேலை தேடுகிறேன்" என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. நேர்மையான முதலாளிக்கு அந்தச் சொல் உறுத்தாது.

சம்பளம் எவ்வளவு என்று நானே கேட்கலாமா?

கேட்க வேண்டும், கடைசியில். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதற்குக் கீழே பேசினால் அது சட்டம் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடுவார். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் போடுவார். 30,000 என்றால் உங்கள் பங்கு 2,400, முதலாளியின் பங்கு 3,600, நம்பிக்கை நிதி 900. "15 வீதத்தையும் உங்கள் சம்பளத்தில்தான் கழிப்போம்" என்று யாராவது சொன்னால் அது பிழை.

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. அதற்குமேல் ஒன்றரை மடங்கு. தகுதிகாண் காலத்திலும் சேமலாப நிதி உண்டு. வேலைக்குச் சேரும்போது நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமே சொல்கிறது. சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்தும் அடையாள அட்டையும் கேட்கிறார்கள். கொடுக்கவா?

வேண்டாம். இரண்டையும் கொடுக்க வேண்டாம். பொறுப்பு நிற்க ஒருவரைக் கேட்டால், அவர் எவ்வளவு தொகைக்கு, எதற்குப் பொறுப்பு என்று எழுதியிருக்கும் தாளிலேயே கையெழுத்திடட்டும். வைப்புப் பணம் கேட்டால் பற்றுச்சீட்டு, திருப்பித் தரும் நிபந்தனை இரண்டும் எழுத்தில் வேண்டும். தயங்கினால் எழுந்து வாருங்கள். வேலை இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

கடை இரவு ஒன்பதுக்குப் பூட்டும். எங்கள் ஊருக்கு அதற்கு முன்னே கடைசி பஸ் போய்விடும். சொன்னால் எடுக்க மாட்டார்களே?

சொல்லாமல் சேர்ந்தால் இரண்டாம் கிழமையில் நின்றுவிடுவீர்கள். போகுமுன் கடைசி பஸ் நேரத்தை விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். "காலை முறைக்கு எந்த நாளும் வருவேன், இரவு முறைக்குக் கிழமையில் இரண்டு நாள் அண்ணா வந்து கூட்டிப்போவார்" என்று ஒழுங்கோடு சொன்னால் முகாமையாளர் முறைப்பட்டியலைப் போட்டுப் பார்ப்பார். ஏ9 ஓர ஊர் என்றால் சமாளிக்கலாம். மல்லாவி, விசுவமடுப் பக்கம் உள்ளூர் வீதி என்றால், இருட்டில் தனியே சைக்கிளில் போவேன் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். யானை வரும் வீதிகள் அவை.

"அரசாங்க வேலை கிடைத்தால் போய்விடுவீர்களா?" என்று கேட்டால்?

எல்லாரும் "போகமாட்டேன்" என்கிறார்கள், யாரும் நம்புவதில்லை. "கிடைத்தால் யோசிப்பேன். போவதானால் ஒரு மாதம் முன்பே அறிவித்து, லாச்சியை ஒப்படைத்துவிட்டுப் போவேன்" என்று சொல்லுங்கள். முன்னறிவித்தல் இல்லாமல் சம்பளம் வாங்கிய மறுநாள் மறைந்தவர்களால் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அதனால் இந்தப் பதில் காதுக்கு இதமாக இருக்கும்.

நேர்முகம் முடிந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. அழைப்பு இல்லை. இனி?

ஒரு முறை நீங்களே அழையுங்கள், கிழமை நடுவில், காலை பத்து மணிக்குப் பிறகு. சம்பள நாட்களிலும் பண்டிகை முன்தினங்களிலும் வேண்டாம். வன்னிக் கடைகளுக்கு ஆள் தேவைப்படும் காலங்கள் தெரிந்தவைதான்: காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனி, சித்திரை வருடப் பிறப்பு, தீபாவளி முதல் நத்தார் வரை. அதற்கு ஒரு மாதம் முன்பே கடைக்கு நேரே போங்கள். முகாமையாளர் இல்லாவிட்டால், பெயர், தொலைபேசி எண், எந்த நாளிலிருந்து வேலைக்கு வர முடியும் என்பதை ஒரு தாளில் தெளிவாக எழுதிக் காசு மேசையில் கொடுங்கள். எங்கள் லாச்சிக்கு அடியில் அப்படிச் சேர்ந்த தாள்களிலிருந்துதான் அவசரத்துக்கு ஆள் எடுப்போம்.